டைமிங் செயின் சத்தம்: வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்ய நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காடி (கார்) பழுதுபார்ப்பது எனக்குத் தொழில் இல்லை. ஆனாலும் என் வீட்டு போர்ச்சில் ஜாக்கி ஏறியிருப்பதைத் தாமானில் (குடியிருப்பில்) எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து என்ஜின் சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கோலாலம்பூரின் செந்தூல், கெப்போங், ஏன், பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்தும் வருகிறது. சந்தேகங்கள் திரும்பத் திரும்ப அதேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் உள்ள பதில்களில் முன்னால் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைமிங் மூடியைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் காதுக்கும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்குக்கும் நிறைய வேலை இருக்கிறது.

அண்ணே, டைமிங் செயின்னா என்ன? டைமிங் பெல்ட்டும் அதுவும் ஒண்ணா?

செய்கிற வேலை ஒன்று, ஆள் வேறு. என்ஜினின் கீழே கிராங்க் ஷாஃப்ட், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் கட்டி வைப்பதுதான் இதன் வேலை. பெல்ட் ரப்பர், பிளாஸ்டிக் மூடிக்குள் உலர்வாக ஓடும், குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். செயின் இரும்பு, என்ஜினுக்குள்ளேயே ஆயிலில் நனைந்தபடி ஓடும்.

செயின் ஆடாமல் இருக்க இரு பக்கமும் பிளாஸ்டிக் முகம் வைத்த கைடுகள் இருக்கும். ஒரு பக்கத்துக் கைடை டென்ஷனர் என்னும் சின்ன உருளை தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குள் ஒரு ஸ்ப்ரிங், அதோடு என்ஜின் ஆயிலின் அழுத்தம், பின்வாங்காமல் தடுக்கப் பல பல்லாக ஒரு ராட்செட். சத்தக் கதை முக்கால்வாசி இந்த டென்ஷனரைச் சுற்றியே வரும், நினைவில் வையுங்கள்.

என் காடியில செயினா பெல்ட்டான்னு எப்படிப் பாக்கிறது?

காஞ்சில், வீரா, கேம்ப்ரோ என்ஜின் போட்ட சாகா, பெர்சோனா எல்லாம் பெல்ட். மைவி 2005-இல் வந்ததிலிருந்து செயின்தான். ஆக்சியா, பெஸ்ஸா, வியோஸ், அல்மேரா, 2003-க்குப் பிறகு வந்த சிட்டி எல்லாம் செயின். பழைய இ.கே. சிவிக் பெல்ட். சந்தேகம் இருந்தால் என்ஜினின் பக்கவாட்டைப் பாருங்கள். கையால் தட்டினால் பிளாஸ்டிக் மூடி என்றால் பெரும்பாலும் பெல்ட். அலுமினிய மூடி, ஓரத்தில் சிலிகான் பிதுங்கி நிற்கிறது என்றால் செயின்.

செயினை ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு விக்கும்போது சொன்னாங்களே, அப்புறம் ஏன் சத்தம் வருது?

ஆயிலை ஒழுங்காக மாற்றினால் அது பெரும்பாலும் உண்மைதான். ‘செயின் இழுத்துவிட்டது’ என்று பட்டறையில் சொல்வார்கள். இரும்புத் தகடு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் தேய்வது கண்ணுக்குத் தெரியாது. அத்தனை கண்ணியிலும் சேர்ந்தால் செயின் சில மில்லிமீட்டர் நீளமாகிவிடும். டென்ஷனர் முடிந்தவரை வெளியே வந்து தள்ளும். அதற்கு மேல் போக இடமில்லாதபோது செயின் மூடியிலும் கைடிலும் அடிக்கத் தொடங்கும்.

தேய வைப்பது பெரும்பாலும் பழைய ஆயில். இங்கே நம்மை ஏமாற்றுவது மீட்டர். ஃபெடரல் ஹைவே நெரிசலில் சராசரி மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 10,000 கிலோமீட்டருக்கு என்ஜின் 500 மணி நேரம் ஓடியிருக்கும். அதே தூரத்தை நெடுஞ்சாலையில் 80-இல் ஓட்டியவருக்கு 125 மணி நேரம்தான். மீட்டரில் இரண்டும் ஒன்று, ஆயிலுக்கு ஒன்றல்ல. கோலாலம்பூருக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் கையேட்டில் ‘கடின பயன்பாடு’ என்ற தலைப்பில் உள்ள கணக்கைப் பின்பற்றுங்கள்.

காலையில ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு செகண்ட் கடகடன்னு கேக்குது, அப்புறம் நின்னுடுது. பயப்படணுமா?

இரவெல்லாம் நின்ற என்ஜினில் டென்ஷனருக்குள் இருந்த ஆயில் வடிந்திருக்கும். அழுத்தம் ஏறும்வரை ஸ்ப்ரிங் மட்டும்தான் செயினைத் தாங்கும். ஒரு நொடிச் சத்தத்தை நான் கண்டுகொள்வதில்லை. மூன்று நொடிக்கு மேல் போனாலோ, போன மாதத்தைவிட நீண்டாலோ கவனிக்க வேண்டும்.

முதலில் ஆயில் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. என்ஜினை அணைத்த பிறகு ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் அது தடுக்கும். படுக்கைவாட்டிலோ தலைகீழாகவோ ஃபில்டர் மாட்டியிருக்கும் என்ஜின்களில் இது ரொம்ப முக்கியம். மலிவு ஃபில்டர்களில் அந்த ரப்பர் விறைத்துப்போயிருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. ஃபில்டரை மாற்றியதோடு காலைச் சத்தம் நின்றுபோன காடிகள் உண்டு.

ஹோண்டா சி.ஆர்.வி., அக்கார்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2.4 லிட்டர் கே24 என்ஜினில் காலையில் ஒரு நொடி ‘கர்ர்ர்’ என்று அரைக்கிற சத்தம் வந்தால் அது பெரும்பாலும் செயின் இல்லை. இன்டேக் கேம் முனையில் இருந்து வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வி.டி.சி. ஆக்சுவேட்டரின் பூட்டு ஊசி பிடிக்காமல் போவது. செயினை மாற்றினால் பணம் போகும், சத்தம் அப்படியே இருக்கும்.

சத்தம் செயின்லேர்ந்துதான் வருதுன்னு எப்படி உறுதியாச் சொல்றது?

இதற்குத்தான் பொறுமை வேண்டும். முதலில் டிப்ஸ்டிக். ஆயில் கீழ்க் கோட்டுக்குக் கீழே இருந்தால் நிரப்பிவிட்டு, நாளை காலை மறுபடி கேளுங்கள். மற்ற சோதனை எல்லாம் அப்புறம். அடுத்தது ஏர்கான். ஏர்கானை அணைத்ததும் சத்தம் மாறினால் கம்ப்ரெசர் பக்கம் போங்கள். அதற்கடுத்து எக்ஸாஸ்ட் மேல் மூடியிருக்கும் தகடு. அதன் போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்தால் செயின் போலவே சலசலக்கும். குளிர்ந்த என்ஜினில் கையால் ஆட்டிப் பாருங்கள்.

செயின் சத்தம் எப்படி இருக்கும் என்றால், மைலோ டின்னில் சில்லறை போட்டுக் குலுக்குவது போல, ஒழுங்கில்லாமல் இருக்கும். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் ‘டிக் டிக் டிக்’ என்று தாளம் தவறாது. ஆக்சிலரேட்டரை 2,000 சுற்றுவரை ஏற்றி, சட்டென்று விடுங்கள். சுற்று இறங்கும்போது சலசலப்பு கூடினால் செயின் மீது சந்தேகம் வலுக்கிறது. வேகம் குறையும்போதுதான் செயினின் தளர்ந்த பக்கம் துள்ளும்.

இப்போது நீளமான ஸ்க்ரூடிரைவர். கைப்பிடியைக் காதருகில் எலும்பில் வைத்து, முனையை என்ஜினில் தொட வேண்டும். மைவி, வியோஸ் போன்றவற்றில் டைமிங் மூடி ஓட்டுநர் பக்கச் சக்கரத்தை ஒட்டி இருக்கும். மூடியின் மேல் பகுதி, நடு, கீழே கிராங்க் புல்லி அருகில், அப்புறம் வால்வு கவரின் மறுமுனை என்று நாலு இடத்தில் கேளுங்கள். மூடியில் மட்டும் பலமாகவும் மறுமுனையில் மெலிதாகவும் இருந்தால் இடம் பிடிபட்டுவிட்டது. சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, நீண்ட முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவது, எப்போது வேண்டுமானாலும் சுற்றும்.

கடைசிச் சோதனை, வெளியே ஓடும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்வது. சத்தம் காணாமல் போனால் குற்றவாளி ஆல்டர்னேட்டரோ, வாட்டர் பம்ப்போ, ஐட்லர் புல்லியோ. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். வாட்டர் பம்ப் ஓடாமல் என்ஜின் சூடேறும்.

ஷோப்பியில ஸ்கேனர் வாங்கிட்டேன். அதுவே சொல்லிடாதா?

பாதிதான் சொல்லும். அது காட்டும் பிழைக் கோடு (எரர் கோட்) பி0016, பி0017 என்றால் கிராங்க் இருக்கும் இடமும் கேம் இருக்கும் இடமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். செயின் நீண்டிருக்கலாம், ஒரு பல் தாவியிருக்கலாம். ஆனால் ஆயில் கன்ட்ரோல் வால்வு அழுக்கில் சிக்கினாலும், சென்சாரோ ஒயரோ கெட்டாலும் அதே கோடு வரும். சத்தமும் கோடும் சேர்ந்து வந்தால்தான் செயின் என்று நம்புவேன். கோடு வரவில்லை என்பதால் செயின் நன்றாக இருக்கிறது என்றும் ஆகாது. கைடு உடைந்து சத்தம் போடும் என்ஜினில் டைமிங் கணக்கு சரியாகவே இருக்கலாம்.

கொஞ்சம் கெட்டியான மிஞ்ஞா ஈத்தாம் (என்ஜின் ஆயில்) ஊத்தினா சத்தம் அடங்கிடும்னு கடையில சொன்னாங்க?

சூடான என்ஜினில் அடங்கும். விற்க நினைக்கிறவர் செய்கிற வேலை அது. 20டபிள்யூ-50 காலையில் மெதுவாகத்தான் மேலே ஏறும், டென்ஷனர் நிரம்ப இன்னும் நேரமாகும். வி.வி.டி. (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) உள்ள என்ஜினில் கேமை நகர்த்துவதும் இதே ஆயில்தான். கெட்டி ஆயிலில் அது தாமதமாகும், முன்னே சொன்ன கோடுகள் எல்லாம் வரத் தொடங்கும். கையேட்டில் என்ன கனம் போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். அதோடு நல்ல ஃபில்டர். அதற்குப் பிறகு ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

என்ஜின் ஃப்ளஷ்?

பல வருடம் ஆயில் மாற்றாத என்ஜினில் வேண்டவே வேண்டாம். பிசுக்கு கட்டியாக உடைந்து கீழே இறங்கி, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் செயின் சத்தம் சின்ன விஷயமாகிவிடும். சாதாரண ஆயிலையே சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுங்கள். பிசுக்கு மெதுவாகக் கரைந்து ஃபில்டருக்கு வரும்.

தைப்பூசத்துக்குக் குடும்பத்தோட பினாங்கு போகணும். இந்தச் சத்தத்தோட ஓட்டலாமா?

எந்தச் சத்தம் என்பதைப் பொறுத்தது. காலையில் ஒரு நொடி மட்டும் வந்து, மேலே சொன்ன மற்ற அறிகுறி எதுவும் இல்லையென்றால், ஆயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சூடான பிறகும் சலசலக்கிறது, கூடவே என்ஜின் விளக்கு எரிகிறது என்றால் நான் பஸ் டிக்கெட்டோ இ.டி.எஸ். ரயிலோ பார்ப்பேன். பினாங்குவரை சுமார் 350 கிலோமீட்டர். கோலா கங்சாருக்கு முன்னால் மெனோரா சுரங்கத்தை ஒட்டிய ஏற்றத்தில் ஐந்து பேரோடு ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்க்கிற சோதனை வேண்டாம்.

இந்தக் காடிகளில் பலவற்றில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறை வைத்துப் பயன்படுத்துகின்றன. செயின் சில பல் தாவினால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். செயின் வேலையாக இருந்தது சிலிண்டர் ஹெட் வேலையாகிவிடும். கிராப் டாக்சி ஓட்டுகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்: ‘இன்னும் எத்தனை நாள் ஓடும்?’ நாள் கணக்கு யாராலும் சொல்ல முடியாது. சூட்டிலும் நிற்காத சத்தம் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

டென்ஷனர் மட்டும் மாத்தினாப் போதாதா?

சில என்ஜினில் போதும். பழைய ஆல்ட்டிஸில் வந்த 1இசட்இசட்-எஃப்இ மாதிரி என்ஜினில் டென்ஷனரை வெளியிலிருந்தே கழற்றலாம், இரண்டு நட்டுதான். அதன் ஓ-ரிங்கில் ஆயில் கசிவது பழைய நோய், எப்படியும் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றியதும் பிளன்ஜர் (கைடைத் தள்ளும் தண்டு) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பாருங்கள். பாதிக்குள் இருந்து, விரலால் அழுத்தினால் தொளதொளவென்று போனால் டென்ஷனர்தான் செத்திருக்கிறது. கடைசிப் பல்வரை வந்து நின்றிருந்தால் தவறு அதன் மேல் இல்லை, செயின் தேய்ந்துவிட்டது. புது டென்ஷனர் போட்டாலும் தள்ள இடம் இருக்காது.

டென்ஷனர் மூடிக்குள்ளே இருக்கும் என்ஜினில் மூடியைத் திறப்பதே பாதி வேலை. திறந்த பிறகு டென்ஷனர் மட்டும் போட்டு மூடுவது கஞ்சத்தனம். செயின், இரண்டு கைடு, டென்ஷனர், கிராங்க் சீல் எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். பல்சக்கரங்களின் பல் முனை கூராகியிருந்தால் அவற்றையும்தான்.

நான் ஃப்ளாட்டில் இருக்கேன். இதை வீட்டிலேயே செய்யலாமா? என்னென்ன சாமான் வேணும்?

ஃப்ளாட் கார் பார்க்கில் கேட்கிற சோதனை எல்லாம் செய்யுங்கள், ஆயில் ஃபில்டர் பார்க்கலாம். செயின் மாற்றுவது வேண்டாம். நிர்வாகம் சத்தம் போடும், அதைவிட முக்கியம், பாதியில் நிற்கிற காடியை அங்கே இரண்டு நாள் பாதுகாக்க முடியாது. தரை வீடு, கூரை போட்ட போர்ச், சமதளம் என்றால் யோசிக்கலாம். போர்ச்சில் டைல்ஸ் பதித்திருந்தால் ஜாக்கி ஸ்டாண்டுக்குக் கீழே தடித்த பலகை போடுங்கள். இல்லாவிட்டால் டைல்ஸ் வெடிக்கும், அந்த விரிசலை வீட்டம்மா வருடக்கணக்கில் காட்டுவார்.

சாமான் என்றால் இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி, 8 முதல் 19 வரை சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), கிராங்க் புல்லியைப் பிடித்துக்கொள்ளும் கருவி, பிளாஸ்டிக் சுரண்டி, உங்கள் என்ஜினுக்கான கையேட்டின் அந்தப் பக்கங்கள். டார்க் ரென்ச் இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஞாயிறு மாலை ஒரு சீல் குறைகிறது என்றால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை பூட்டியிருக்கும்.

வேலை எப்படிப் போகும், சுருக்கமாச் சொல்லுங்களேன்?

சுருக்கமாகச் சொன்னால் நாலு வரி. ஆனால் மாட்டிக்கொள்கிற இடங்களைச் சொல்ல வேண்டும். பேட்டரியின் நெகடிவைக் கழற்றி, ஆயிலை வடித்து, ஓட்டுநர் பக்க முன்சக்கரத்தையும் உள்பக்க பிளாஸ்டிக்கையும் எடுத்து, வெளி பெல்ட்டைக் கழற்றுங்கள். மூடியை மறைக்கும் என்ஜின் மவுன்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஆயில் தொட்டிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் என்ஜினைத் தாங்குங்கள். காடியின் எடை ஸ்டாண்டில், என்ஜின் எடை ஜாக்கியில். ஜாக்கியை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது.

வால்வு கவரைத் திறந்து, முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, கேம் சக்கரக் குறிகள் கையேட்டுப் படத்தில் உள்ளபடி நிற்கின்றனவா என்று பாருங்கள். நாலு பக்கமிருந்தும் போன் படம் எடுங்கள். இதன் பிறகுதான் கிராங்க் புல்லி, மூடி. மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளம் கிடையாது. ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வைத்தால் பிறகு தலையைச் சொறிய வேண்டியதில்லை. மூடி வந்ததும் ஆயில் தொட்டியின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு சின்ன வாஷருக்காகத் தொட்டியைக் கழற்ற வேண்டிவரும்.

டென்ஷனரை அழுத்தி ஊசி போட்டுப் பூட்டி எடுத்து, கைடு, செயின் கழற்றுங்கள். கைடின் பிளாஸ்டிக் முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஆழமான இரண்டு கோடுகள் விழுந்திருக்கும். துண்டு உடைந்து காணாமல் போயிருந்தால் அது தொட்டியின் வலையில்தான் இருக்கிறது, தேடி எடுக்காமல் மூடாதீர்கள். பழைய செயினையும் புதுசையும் ஒரே ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் தேய்மானம் கண்ணெதிரே தெரியும். புதுச் செயினின் நிறக் கண்ணிகளை கிராங்க், கேம் குறிகளோடு சேர்த்து மாட்டி, கைடு, டென்ஷனர் போட்டு, எல்லாம் இறுகிய பிறகுதான் டென்ஷனரின் ஊசியை உருவ வேண்டும்.

கிராங்க் புல்லி போல்ட் அசையவே மாட்டேங்குது. ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றலாம்னு யூட்யூபில் காட்டறாங்க?

பார்த்தேன். பிரேக்கர் பாரைத் தரையில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரால் சுற்ற வைப்பது. பார் நழுவினால் பல்லோ ரேடியேட்டரோ போகும். புல்லியைப் பிடிக்கும் கருவியை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், வேலை தொடங்கும் முன்பே அருகிலுள்ள பொமேனிடம் (மெக்கானிக்கிடம்) காடியை ஓட்டிப் போய், ஏர் கன்னால் போல்ட்டை ஒருமுறை தளர்த்தி, உடனே கையேட்டு அளவுக்கு இறுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருமுறை பிடி விட்ட போல்ட் வீட்டில் பிரேக்கர் பாருக்கு இணங்கும். திரும்ப மாட்டும்போதும் அளவு முக்கியம். வியோஸின் 1என்இசட்-எஃப்இ என்ஜினுக்கு 128 நியூட்டன் மீட்டர். மற்றவற்றுக்கு அதையே போடாதீர்கள், அந்தந்தக் கையேட்டைப் பாருங்கள்.

புதுச் செயின் போட்டுட்டு ரெண்டு சுத்து கையால சுத்திப் பாத்தேன். நிறக் கண்ணி குறியோட சேரலையே! தப்பாப் போட்டுட்டேனா?

இல்லை. இதற்காக ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தவர்கள் உண்டு. நிறக் கண்ணிகள் மாட்டும் நேரத்துக்கு மட்டும்தான். செயினின் கண்ணி எண்ணிக்கை சக்கரப் பற்களோடு சரியாக வகுபடாததால், சுற்றிய பிறகு அவை வேறு எங்கோ போய் நிற்கும். மறுபடி சேர நிறையச் சுற்று சுற்ற வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது கிராங்க் குறியும் கேம் சக்கரக் குறிகளும் பழைய இடத்துக்கு வந்துவிட்டனவா என்பதுதான். வந்துவிட்டால் சரி.

சுற்றும்போது எங்காவது இடித்து நின்றால் பாரில் பலம் போடாதீர்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. கழற்றி மறுபடி பார்க்க வேண்டும்.

என்ஜினைப் பின்பக்கமாச் சுத்தக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா கையேட்டில் பின்பக்கம் கொஞ்சம் சுத்தச் சொல்லுதே?

நல்ல கேள்வி. பின்னால் சுற்றினால் செயினின் இறுகிய பக்கம் மாறி, டென்ஷனர் இருக்கும் பக்கத்தில் இழுப்பு விழும். ஊசி உருவாத டென்ஷனரோ தளர்ந்த செயினோ இருந்தால் அப்போது பல் தாவும். அதனால்தான் அந்தப் பொது எச்சரிக்கை.

விதிவிலக்கு, கொக்கி வைத்த டென்ஷனர். 1இசட்இசட்-எஃப்இ-யில் பிளன்ஜரை உள்ளே அழுத்தி ஒரு கொக்கியில் மாட்டித்தான் பொருத்துவார்கள். பொருத்திய பிறகு கிராங்க்கைக் கொஞ்சம் பின்னால் திருப்பினால் கைடு பிளன்ஜரை அழுத்தி, கொக்கி விடுபடும். பிறகு முன்னால் திருப்பி, பிளன்ஜர் வெளியே வந்து கைடைத் தள்ளுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கையேடு சொல்லும் இடத்தில், சொல்லும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

சிலிகான் போட்டும் மூடியில் ஆயில் கசியுது.

முகம் சுத்தமாக இல்லை. பழைய சிலிகானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, விரல் படாமல் வைக்க வேண்டும். கிரைண்டரில் மாட்டும் உரசு வட்டு வேண்டாம். அதன் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். சிலிகான் கோடு 3 மில்லிமீட்டர் அளவில் அறுபடாமல், போல்ட் ஓட்டைகளின் உள்பக்கமாகப் போக வேண்டும். போட்ட சில நிமிடத்தில் மூடியை வைத்துவிடுங்கள். வைத்த பிறகு இப்படி அப்படி நகர்த்தினால் கோடு கலையும். ஆயில் ஊற்றும் முன் டியூப்பில் எழுதியிருக்கும் நேரம்வரை காயவிடுங்கள். நம் ஊரில் நாலு மணி மழை தெரிந்த விஷயம். காற்றோடு சாரல் போர்ச்சுக்குள் வரும். இந்த ஒரு வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு. சாவியைத் திருப்பலாமா?

உடனே வேண்டாம். டென்ஷனர் காலியாக இருக்கிறது. எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஐந்தாறு நொடி ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். நடுநடுவே இடைவெளி விட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செய்யுங்கள். பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட். முதல் சில நொடி சலசலத்தால் பதறாதீர்கள், ஆக்சிலரேட்டரை மட்டும் தொடாதீர்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து மூடியின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். 1,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றிவிடுவேன். உள்ளே என்ன துகள் இருந்தாலும் அதோடு போகட்டும்.

புதுசாப் போட்ட பிறகும் அதே சத்தம் வருதே?

அப்படியென்றால் முதல் தடவை நோயைத் தப்பாகக் கணித்திருக்கலாம், இல்லை டென்ஷனரில் கோளாறு. இன்னும் ஊசியோ கொக்கியோ விடுபடாமல் இருக்கிறதா? புது டென்ஷனரே தரமில்லாததா? அதற்கு ஆயில் வரும் துளை பிசுக்கில் அடைத்திருக்கிறதா? இந்த மூன்றும் சரி என்றால் ஆயில் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பம்ப் தேய்ந்து அழுத்தம் குறைந்திருந்தால் எந்த டென்ஷனரும் நிற்காது. அதுவும் சரி என்றால் வி.வி.டி. சக்கரம், டேப்பட் இடைவெளி என்று போக வேண்டும். மூடிக்குள்ளிருந்து புதிதாக ‘ஊஊ’ என்ற மெல்லிய ஊளை வந்தால் அது வேறு. புதுச் செயின் கைடில் படிந்து வரும்வரை சிலவற்றில் கேட்கும்.

போத்தோங் கடையில் செயின் செட் மலிவாக் கிடைக்குது, வாங்கலாமா?

பழைய காடிகளை வெட்டிப் பாகம் விற்கும் போத்தோங் கடையில் கதவு வாங்கலாம், மூடி வாங்கலாம், புல்லி வாங்கலாம். தேய்ந்ததற்காக மாற்றுகிற பொருளை இன்னொரு தேய்ந்த என்ஜினிலிருந்து எடுத்துப் போடுவதில் என்ன லாபம்? ஆன்லைன் செட்டும் கவனம். பெட்டியைத் திறந்து கைடின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள். அச்சிலிருந்து பிதுங்கிய பிளாஸ்டிக் கூராக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். டென்ஷனரின் பிளன்ஜர் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். ஜாலான் ஈப்போ பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் சேசிஸ் எண்ணைச் சொன்னால் சரியான செட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். கிரானை (காடியின் பதிவுச் சான்றிதழை) படம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

பொமேன் கேக்கிற காசு நியாயமா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள், அதில் என்ன அடங்குகிறது என்று கேளுங்கள். செயின் மட்டுமா, கைடும் டென்ஷனரும் உண்டா? எந்தத் தயாரிப்பு? கிராங்க் சீல், ஆயில், ஃபில்டர் சேர்த்தா? கூலி தனியா? பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னதும் ஒருவர் முகம் மாறினால் அடுத்த பட்டறைக்குப் போங்கள். வீட்டில் சோதித்ததை எழுதிக் கொடுத்தால், அதாவது ‘காலையில் இத்தனை நொடி, மூடியின் நடுவில் பலம், இந்தக் கோடு’ என்றால், நல்ல பொமேனுக்கு நேரம் மிச்சம், உங்களுக்குக் காசு மிச்சம்.

ஓடிட்டிருக்கும்போதே அறுந்த மாதிரி நின்னுடுச்சு. வால்வு போயிருக்குமா?

மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், அந்த ஆசையில்தான் மிச்சம் இருப்பதும் போகும். இழுத்துக்கொண்டு வந்து, வால்வு கவரைத் திறந்து செயின் இருக்கும் நிலையைப் பாருங்கள். டைமிங்கை மறுபடி அமைத்து, கையால் சுற்றிய பிறகு கம்ப்ரஷன் அளக்கலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் துளியும் இல்லையென்றால் வால்வு வளைந்திருக்கிறது. காற்று விட்டுச் சோதித்தால் இன்டேக்கா எக்ஸாஸ்டா என்பதும் தெரியும். இதற்கு மேல் ஹெட் கழற்றும் வேலை. அதை நான் போர்ச்சில் செய்வதில்லை.

கப்சாய் மோட்டாரிலும் இதே மாதிரி சத்தம் வருதே?

கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளிலும் கேம் செயின்தான். பல கப்சாய்களில் டென்ஷனர் சிலிண்டரின் பின்பக்கம் வெளியிலேயே, இரண்டு போல்ட்டில் இருக்கும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் மேல்நிலையில் நிறுத்தி, டென்ஷனரைக் கழற்றி, பிளன்ஜர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். ஏழாம் எட்டாம் கேள்விகளின் பதிலில் ஆயிலைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். கழற்றிய நிலையில் கிக்கரை மிதிக்கவே கூடாது.

வடிச்ச ஆயிலை என்ன செய்யறது? லோங்காங்கில் (சாக்கடையில்) ஊத்திடலாமா?

கூடாது. பழைய மசகெண்ணெய் மலேசியச் சட்டத்தில் அட்டவணையிடப்பட்ட கழிவு (ஷெட்யூல்டு வேஸ்ட்), எஸ்.டபிள்யூ. 305 என்ற வகை. வடித்த ஆயிலைப் புதுசு வந்த போத்தலிலேயே ஊற்றி, மூடியை இறுக்கி, அருகிலுள்ள பட்டறையில் கொடுங்கள். அவர்கள் டிரம்மில் சேர்த்து உரிமம் உள்ளவரிடம் ஒப்படைப்பார்கள். ஃபில்டரைத் தலைகீழாக ஒரு இரவு வடியவிட்டு அதையும் கூடவே கொடுத்துவிடலாம்.